ரங்கூன் காலப்பயண நாவல்: படிச்சு முடிச்சவங்க வாங்க, பேசுவோம்

சூலே சோமு (யாங்கோன்)

வணக்கம். போன மாசம் குழுவில் சுற்றுக்கு விட்ட படியை இந்நேரம் பாதிப் பேராவது முடிச்சிருப்பீங்க. 312 பக்கம், இன்னும் தலைப்பு வைக்கலை. எழுதினவர் சென்னையில இருக்கார், இந்த இழையிலயும் இருக்கார். அதுக்காக யாரும் கூச்சப்பட வேண்டாம், திட்டணும்னா திட்டுங்கன்னு அவரே சொல்லிட்டார்.

படிக்காதவங்களுக்குச் சுருக்கமா: யாங்கோன்ல (பழைய ரங்கூன்) ஷ்வேபொந்தா தெருவுல, அதாவது நம்ம தாத்தாக்கள் சொல்ற மொகல் தெருவுல, போன் ரிப்பேர் கடையில வேலை பார்க்கிற ஒரு தமிழ்ப் பொண்ணு. பேர் கிடையாது, கடைசி வரைக்கும் "அவள்"தான். கரண்ட் போன ஒரு சாயங்காலம் ஊரைச் சுத்தி வர்ற சர்க்குலர் ரயில்ல ஏறித் தூங்கிடறா. முழிச்சு இறங்கினா 1941 டிசம்பர் 20, சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில ஜப்பான் விமானம் வந்து குண்டு போடப்போகுது. ஊர்ல அது தெரிஞ்ச ஒரே ஆள் அவ.

முதல் நூறு பக்கத்தை நான் கீழே வைக்கலை. எந்த வருஷம்னு அவளுக்கு யாரும் சொல்றதில்லை, அவளே கண்டுபிடிக்கிறா. ஸ்டேஷனைத் திரும்பிப் பார்க்கிறா, அடுக்குக் கூரையைக் காணோம். அது 1954-ல கட்டினது, போருக்கு முன்னாடி அங்கே வெள்ளைக்காரன் கட்டின வேற கட்டடம்தானே. அடுத்து ரோட்டைக் கடக்கிற இடம். நாம பழகின மாதிரி இடது பக்கம் பார்த்துட்டுக் காலை வைக்கிறா, வலது பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் உரசிட்டுப் போகுது. 1970 வரைக்கும் இந்த ஊர்ல வண்டி இடது பக்கம்தான் ஓடிச்சுன்னு எங்க அப்பா சொல்லுவார். இன்னைக்கும் பாதிக் காருக்கு ஸ்டியரிங் வலது பக்கம்தான் இருக்கு, பஸ் கதவு நடு ரோட்டைப் பார்த்துத் திறந்த காலத்தை நானே பார்த்திருக்கேன். அந்த அரைப் பக்கத்துக்காகவே எழுதினவருக்கு ஒரு லப்பெட்யே (டீதான்) வாங்கித் தரணும்.

நடுவுல கொஞ்சம் இழுவை. கடைசி எனக்குப் பிடிக்கலை. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

பெகு டீக்கடை

நானும் முடிச்சேன். ரெண்டு இடத்துல கண்ணு கலங்கிச்சு. ஆனா முதல் பக்கத்துலயே சோத்துல கல்லு. அனோரதா ரோட்டுல அவ மோட்டார் பைக்குல வந்து இறங்குறா. யாங்கோனுக்குள்ள பைக்குக்குத் தடை போட்டு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க பெகுவுல வேணா ஓட்டலாம். அண்ணே, நீங்க ஊருக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு?

வியாசர்பாடி பேரன் (எழுதினவன்)

தம்பி, வந்ததே இல்லை. எங்க ஆத்தா 1965-ல கப்பலேறினதுக்கு அப்புறம் வீட்டுல யாரும் அந்தப் பக்கம் வரலை. நான் பார்த்த ரங்கூன் ஆத்தா வாயில இருந்ததும், யூடியூப்புல இருக்கிறதும்தான். பைக்கை எடுத்துடறேன். பஸ்ஸுல வரட்டுமா, நடந்து வரட்டுமா?

பெகு டீக்கடை

நடந்து வரட்டும். கரண்ட் போன நேரத்துல பஸ்ஸுக்கு நிக்கிறதை விட அதுதான் சீக்கிரம்.

கணக்கப்பிள்ளை

என் பங்குக்குக் குற்றப் பத்திரிகை.

பக்கம் 71: அவள் "போஜோக் மார்க்கெட்" எங்கே என்று வழி கேட்கிறாள், எதிராளி கையைக் காட்டுகிறார். 1926-இல் கட்டியபோது அதன் பெயர் ஸ்காட் மார்க்கெட். விடுதலைத் தலைவர் போஜோக் ஆங் சானின் பெயரை அதற்கு வைத்தது சுதந்திரத்துக்குப் பிறகு. அவள் கேட்டது சரி, அவளுக்குத் தெரிந்தது அதுதான். எதிராளி விழித்திருக்க வேண்டும். நல்ல ஒரு காட்சியைக் கோட்டை விட்டுவிட்டார்.

பக்கம் 88: சாப்பாட்டுக் கடையில் கியாட் கேட்கிறார்கள். 1941-இல் ரூபாய், அணா, பைசா. கியாட் நோட்டு வந்தது 1952-இல்.

ஆனால் செட்டியார் கிட்டங்கி அத்தியாயம் அருமை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நீளக் கூடம், ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கு முன்னால் ஒரு பாய், அதுதான் ஒரு முழு வட்டிக்கடை. பெட்டியடிப் பையன் விடியற்காலையில் எழுந்து முதலாளியின் பெட்டியைத் துடைத்து, மூடியில் சந்தனம் வைத்து, தன் பாயைச் சுருட்டிக் காலடியில் சொருகுகிறான். அடுத்தாள் இருமினாலே அவனுக்கு முதுகு நிமிர்கிறது. எங்கள் தாத்தா அப்படி ஒரு பெட்டியடியில் இருந்தவர்தான். பன்னிரண்டு வயதில் ஊரைவிட்டு வந்தவர்.

இன்னொன்று. அந்தக் கிட்டங்கி முதலாளி ஏன் அவ்வளவு நல்லவர்? 1930-இல் நெல் விலை சரிந்ததும் கடனுக்கு ஈடாக நிலங்கள் கைமாறின. 1938 வாக்கில் கீழ் பர்மா விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்கள் கையில். 312 பக்கத்தில் நிலத்தை இழந்த ஒரு பர்மியக் குடியானவன்கூட வரவில்லை. எங்கள் தாத்தா வட்டிக்கடையில் இருந்தவர் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

சூலே சோமு

கணக்கப்பிள்ளை ஐயா, கியாட் விஷயத்துல ஒரு திருத்தம். பர்மாக்காரங்க ரூபாயையே அந்தப் பேர்லதான் சொன்னாங்க. மிண்டோன் மன்னர் அடிச்ச வெள்ளிக்காசுக்கும் அதே பேர்தான். கடைக்காரி பர்மியப் பொம்பளைன்னா அவ சொன்னது சரி. தமிழ்க் கடைன்னா நீங்க சொல்றது சரி.

கணக்கப்பிள்ளை

பக்கம் 88-ஐத் திரும்பப் பார்த்தேன். கடைக்காரி முகத்தில், பர்மியப் பெண்கள் பூசும் தனக்கா என்ற சந்தனம் போன்ற பூச்சு இருக்கிறது. வாபஸ்.

ரயில் பைத்தியம் (இன்செய்ன்)

எல்லாரும் காசு, மார்க்கெட்டுன்னு பேசுறீங்க. அடிமடியிலேயே ஓட்டை இருக்கு, யாரும் பார்க்கலையா? சர்க்குலர் ரயில் ஒரு சுத்து சுத்தி வந்தா 1941-ங்கிறார். 1941-ல ஏதுங்க சுத்து? தண்டவாளம் இருந்துச்சு, ரயில் ஓடுச்சு, இன்செய்னுக்கு வேலைக்கு ஆள் போய் வந்தாங்க. ஆனா முழு வட்டமா இணைச்சது சுதந்திரத்துக்கு அப்புறம், ஐம்பதுகள்ல. அவ எப்படி ஒரு சுத்து முடிச்சு அங்கே போய் இறங்குவா? போனது கூட இந்தக் காலத்து வண்டி, விட்டுடலாம். திரும்பி வர்றப்ப 1942-லயும் அதே வட்டத்துல ஏறித்தானே வர்றா? எந்த வட்டம்?

வியாசர்பாடி பேரன்

ஐயோ.

சூலியா வீட்டுப் பிள்ளை (யாங்கோன்)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். டிசம்பர் 23 அத்தியாயத்தைப் பத்தி இன்னும் யாரும் வாயைத் திறக்கலை, நான் ஆரம்பிக்கிறேன்.

அவ போன் 21-ஆம் தேதியே செத்துப்போச்சு. காட்டுறதுக்குக் கையில ஒண்ணும் இல்லை. செவ்வாய் விடியக்காலம் ஃப்ரேசர் தெருக் காளி கோயிலுக்கு ஓடறா. மார்கழி, பஜனை நடக்குது. கூட்டத்துக்கு நடுவுல நின்னு "பத்து மணிக்கு ஆகாசத்திலேருந்து வருது, ஓடுங்க"ன்னு கத்தறா. யாரும் சிரிக்கலை. அங்கேதான் எழுதினவர் கெட்டிக்காரர். அவளுக்கு அருள் வந்திருக்குன்னு நினைக்கிறாங்க. நெத்தியில திருநீறு பூசி, மஞ்சத் தண்ணி ஊத்தி, "எந்தத் திசைம்மா?"ன்னு கேக்கிறாங்க. பத்து மணிக்கு அந்தத் தெருவே வாசலுக்கு வந்து நிக்குது, அம்மன் சொன்னது வருதான்னு அண்ணாந்து பார்க்க.

அன்னைக்கு நிஜமாவே சனம் தெருவுல நின்னு விமானத்தை வேடிக்கை பார்த்துச்சு. அதனாலதான் அத்தனை சாவு. எங்க வீட்டுல சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கேன். அதை இவர் அந்தப் பொண்ணோட எச்சரிக்கையால நடந்த மாதிரி மாத்திட்டார். படிச்சிட்டு அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. இது நியாயமான்னு எனக்கு இன்னும் தீரலை.

இன்னொரு குறை. 1941 ரங்கூன்ல எல்லாரும் ஒரு தாய் மக்கள் மாதிரி பழகுறாங்க. 1930 மே மாசம் துறைமுகத்துல தெலுங்குத் தொழிலாளிகளை வெட்டினாங்க. 1938 ஜூலைல முஸ்லிம்கள் மேல கலகம். மூணே வருஷம். எங்க தாத்தா கடைப் பலகையில அப்பவும் அரிவாள் தழும்பு இருந்துச்சாம். ஊர்ல பாதிக்கு மேல இந்தியர்னு 1931 கணக்கெடுப்பு சொல்லுது. அப்ப பர்மாக்காரன் மனசுல என்ன இருந்திருக்கும்னு ஒரு வரியாவது வேணாமா?

தட்டோன் மைனா

சூலியா அண்ணன் சொன்ன அந்த அத்தியாயம் நியாயம்தான் என் கட்சி. போனது போனதுதான். இங்கேருந்து ஒருத்தி போய் அதை நிறுத்திட்டா, அப்புறம் நாம அழுதது எல்லாம் எதுக்கு? அவ எச்சரிக்கையும் அந்த நாளுக்குள்ளயே இருந்துச்சு, அவ்வளவுதான்.

பெகு டீக்கடை

அப்ப எதுக்குக்கா அவளை அனுப்பணும்? சும்மா 1941-ல பொறந்தவ கதையை எழுதிட்டுப் போகலாமே.

தட்டோன் மைனா

பார்க்கிறதுக்குத்தான்டா. நம்ம கண்ணு அங்கே இருக்கணும்ல.

கணக்கப்பிள்ளை

தட்டோன் அம்மணி சொல்வது தத்துவமாகச் சரி. கதையாகக் கொடுமை. திருநீறு பூசிய கிழவி அவள் கையைப் பிடித்தபடியே சாகிறாள். அந்த வரி இல்லாமலே அத்தியாயம் முடிந்திருக்கலாம். வாசகன் கன்னத்தில் இரண்டாவது அறை.

மோல்மேன் பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். இங்கே படிக்கிறதோட சரி, எழுதினதில்லை. எனக்குத் தமிழ் மெதுவாத்தான் வாசிக்க வரும். பர்மியப் பள்ளிக்கூடம், தமிழ் கோயில்ல ஞாயித்துக்கிழமை படிச்சது. அதனால இந்த நாவலை எங்க அம்மாதான் சத்தமா வாசிச்சாங்க, நான் கேட்டேன். பதினொரு ராத்திரி ஆச்சு. பாதி ராத்திரி மெழுகுவத்தி.

பக்கம் 190 வரைக்கும் அம்மா நல்லா வாசிச்சாங்க. அவ ப்ரோம் ரோட்டுல கூட்டத்தோட நடக்க ஆரம்பிச்சதிலேருந்து அம்மா குரல் இறங்கிடுச்சு. தௌங்குப் கணவாய், காலரா, வழியில விட்டுட்டுப் போன குழந்தை, எல்லாம் நிஜம்தான். நாலு லட்சத்துக்கு மேல சனம் நடந்துச்சு, எத்தனை பேர் விழுந்தாங்கன்னு யாருக்கும் கணக்கு இல்லை. வெள்ளைக்காரனுக்கு ஒரு வழி, கறுப்பனுக்கு ஒரு வழின்னு அப்பவே இந்தியாவுல கோபப்பட்டாங்கன்னு படிச்சிருக்கேன். அதை எழுதினது தப்பில்லை.

ஆனா கடைசிப் பக்கம் முடிஞ்சதும் அம்மா புஸ்தகத்தை மூடி, "இதுல நம்ம யாரையும் காணோமே"ன்னாங்க.

எங்க பாட்டி நடக்கலை. முடோன் பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்தாங்க, வயித்துல எங்க பெரியம்மா. ரங்கூனுக்கு வர்றதுக்கு முன்னாடியே, 1942 ஜனவரி கடைசியிலேயே எங்க ஊருக்கு ஜப்பான்காரன் வந்துட்டான். நடக்கிறதா இருந்தா எங்கே நடக்கிறது? இருந்தாங்க. நெல் குத்தினாங்க. ஜப்பான் ரூபா நோட்டுல கூலி வாங்கி, அதை மூங்கில் குழாய்ல அடைச்சு வெச்சாங்க. 1945-ல அது அடுப்புக்குத்தான் ஆச்சு.

தன்பியூஸயாத்துல ஜப்பான்காரன் ரயில் போட மலாயாவிலிருந்து கொண்டுவந்த தமிழாளுங்க சில பேர் தப்பிச்சுத் தோட்டத்துப் பக்கம் வருவாங்களாம். கால் முழுக்கப் புண்ணு. பாட்டி கஞ்சி ஊத்துவாங்க. ஒருத்தன் குடிச்சிட்டு, "இது எந்த ஊரு தாயி?"ன்னு கேட்டானாம். மோல்மேன்னு சொன்னா அவனுக்குப் புரியலை. பர்மான்னு சொன்னாங்க, அதுவும் புரியலை. தஞ்சாவூருக்கு எவ்வளவு தூரம்னு கேட்டானாம்.

காலப்பயணம்னு சொல்றீங்க. ஜப்பான்காரன் வந்த உடனே கடிகாரத்தையெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு மாத்தச் சொன்னான். ரெண்டரை மணி நேரம் முன்னாடி. இருட்டுல எழுந்து பால் வெட்டப் போனாங்க, வெயில் இருக்கும்போதே விளக்கை அணைக்கச் சொன்னாங்க. மூணு வருஷம் எங்க பாட்டி வேற காலத்துலதான் இருந்தாங்க, எந்த ரயிலும் ஏறாம.

இந்த நாவலைப் படிக்கிற யாரும், பர்மாத் தமிழனெல்லாம் 1942-ல நடந்து போய்ட்டான், மிச்சம் இருந்தவன் 1964, 65-ல கப்பலேறிட்டான்னு நினைப்பாங்க. ஐயா, அப்ப நாங்க யாரு? கோயில்ல இன்னும் தீமிதி நடக்குது. நான் மோல்மேன்லேருந்துதான் எழுதுறேன்.

தப்பா எதுவும் சொல்லியிருந்தா மன்னிச்சுக்கோங்க.

பெகு டீக்கடை

நான் சொல்ல நினைச்சது இதுதான்க்கா. வார்த்தை வராம பைக்கைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினேன்.

தட்டோன் மைனா

உங்க அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க தங்கச்சி.

சூலே சோமு

கடைசி ஏன் பிடிக்கலைன்னு அப்புறம் சொல்றேன்னேன்ல. இதேதான். அவ இம்பாலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே கண்ணை மூடி, யாங்கோன்ல முழிச்சுக்கிறா. ஊரைவிட்டுப் போனாத்தான் ஊருக்குத் திரும்ப முடியும்ங்கிற மாதிரி. எனக்குச் சொல்லத் தெரியலை, மோல்மேன் தங்கச்சி சொல்லிட்டாங்க.

வியாசர்பாடி பேரன்

ரெண்டு நாளா பதில் எழுதி எழுதி அழிச்சேன்.

முதல்ல கோபம் வந்துச்சு, பொய் சொல்லலை. ஆறு வருஷ உழைப்பு. அப்புறம் ஒண்ணு உறைச்சது. எங்க ஆத்தாவும் நடக்கலை. 1942-ல அவங்க ரங்கூனைவிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் தலாவுல யாரோ வீட்டுல ஒளிஞ்சிருந்து, திரும்ப வந்து, கடை போட்டு, பிள்ளை பெத்து, 65-ல தான் கப்பலேறினாங்க. ஐம்பது, நூறு நோட்டு செல்லாதுன்னு 64 மே மாசம் சொன்னப்ப தலையணைக்குள்ள வெச்சிருந்ததெல்லாம் போச்சு, துறைமுகத்துல மூக்குத்தியையும் வாங்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க. நடுவுல இருபத்துமூணு வருஷம் என்ன செஞ்சாங்கன்னு நான் கேட்டதே இல்லை. கணவாயும் காலராவும் எழுதறதுக்கு வசதியா இருந்துச்சு. படிச்சு எழுதினேன். எங்க வீட்டுல நடக்காததை எழுதிட்டு நடந்ததை விட்டுட்டேன்.

ஆத்தா 2009-ல போய்ட்டாங்க. இனிமே கேக்க முடியாது.

சூலியா அண்ணன் சொன்ன 1938-ஐயும், கணக்கப்பிள்ளை ஐயா கேட்ட குடியானவனையும் குறிச்சு வெச்சிருக்கேன். கிழவி சாகிற வரியை மட்டும் எடுக்க மாட்டேன். அதுல எனக்குப் பிடிவாதம் உண்டு.

ரயில் பைத்தியம்

அண்ணே, நான் ஓட்டைன்னு சொன்னேனே, அதை அடைக்காதீங்க. அதையே கதவாக்கிடுங்க. 1941-ல வட்டம் மூடலை. அப்ப அவ திரும்பி வர முடியாது. நடந்து இம்பாலுக்குப் போனாலும் முடியாது. தண்டவாளம் முழு வட்டமாகுற வரைக்கும் அவ இங்கேயே இருந்துதான் ஆகணும். குண்டு, ஜப்பான்காரன், டோக்கியோ மணி, செல்லாத நோட்டு, திரும்ப வந்த வெள்ளைக்காரன், 48 ஜனவரி 4 சுதந்திரம், எல்லாம் பார்த்துட்டு, ஐம்பதுகள்ல ஒருநாள் லைன் இணைச்சாச்சுன்னு கேள்விப்பட்டு ஸ்டேஷனுக்குப் போறா. புதுசா கட்டின அடுக்குக் கூரை இப்ப அவ கண்ணுக்குத் தெரியுது.

சூலே சோமு

யப்பா.

கணக்கப்பிள்ளை

வயது? இருபத்திரண்டில் போனவள் முப்பத்தைந்துக்கு மேல் ஆகித் திரும்புவாள். போன் கடை முதலாளி அடையாளம் காண மாட்டார். ஒரே சாயங்காலத்தில் நரை.

தட்டோன் மைனா

அதுவரைக்கும் தனியாவா இருப்பா? கல்யாணம், குழந்தை எதுவும் வேண்டாமா? குழந்தையை விட்டுட்டு ரயிலேறுவாளா? எனக்கு இப்பவே வயித்தைக் கலக்குது.

சூலியா வீட்டுப் பிள்ளை

ஏறலைன்னா?

பெகு டீக்கடை

ஏறலைன்னா அவதான் நம்மில் யாருக்கோ பாட்டி.

வியாசர்பாடி பேரன்

கொஞ்சம் மெதுவா. 190-க்கு மேல மொத்தமும் தூக்கணும்னு புரியுது. நடக்கிற கூட்டத்தை அவ ப்ரோம் ரோட்டு ஓரத்துல நின்னு பார்க்கிறதோட நிறுத்திக்கிறேன். ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்துட்டுத் திரும்பிடறா.

மோல்மேன் பேத்திக்கு ஒரு வேண்டுகோள். பாட்டி அந்த மூணு வருஷம் என்ன சமைச்சாங்க, எதுல சமைச்சாங்க, உப்புக்கு என்ன செஞ்சாங்க, துணி எப்படி வந்துச்சு, யாரோட சண்டை போட்டாங்க, இதெல்லாம் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிற மட்டும் வேணும். பெரிசா எதுவும் வேண்டாம். சின்னச் சின்னதா.

மோல்மேன் பேத்தி

அம்மா பக்கத்துலதான் இருக்காங்க, நீங்க எழுதினதை வாசிச்சுக் காட்டினேன். மூக்குத்தியில நிறுத்தச் சொல்லி, திரும்ப ஒருதடவை வாசிக்கச் சொன்னாங்க.

உப்பு கடல் பக்கத்திலேருந்து மோன்காரங்க கொண்டு வருவாங்களாம், நெல்லுக்கு மாத்திக்குவாங்களாம். துணிக்கு அரிசிச் சாக்கு. பெரியம்மாவுக்கு முதல் சட்டை சாக்குல தைச்சது, முதுகுல மில் முத்திரை எழுத்து அப்படியே இருந்துச்சாம், துவைக்கத் துவைக்கப் போகலையாம். சண்டை போட்டது பக்கத்து லைன் வீட்டு அம்மாவோட, ஒரு கோழிக்காக. அந்தச் சண்டை இன்னும் தீரலை, அவங்க பேரன்மார் எங்க வீட்டுக்கு இன்னைக்கும் கல்யாணப் பத்திரிகை வைக்கிறதில்லை.

இன்னொண்ணு அம்மா கண்டிப்பா எழுதச் சொல்றாங்க. உங்க நாவல்ல அவ ஒரு நாள்கூட ஙாப்பி (புளிக்க வெச்ச மீன் விழுது) சாப்பிடலை. மூணு நாள் சாம்பாரும் இட்லியுமா சாப்பிட்டா யார் நம்புவா?

ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிடும், போன்ல சார்ஜ் ஏழு பர்சென்ட்தான் இருக்கு. மிச்சத்தை நாளைக்கு எழுதறேன்.